சோப்பும் வாசனையும் ஒத்துக்கொள்ளாத தோல்: வீட்டிலிருந்தே தொடங்கும் ஒரு முழு வழிகாட்டி

எனக்கு அது மோதிரத்துக்கு அடியில் தொடங்கியது. இடது கை விரலைச் சுற்றி ஒரு பட்டை அளவுக்கு அரிப்பு, பிறகு செதில், பிறகு மெல்லிய வெடிப்பு. தங்கத்தில் கலப்படம் என்றார் ஒருவர். உடம்புச் சூடு என்றார் இன்னொருவர். கத்தரிக்காயை விடச் சொன்னார்கள், கருவாட்டை விடச் சொன்னார்கள், இரண்டையும் விட்டேன். மூன்று வருடத்தில் பத்துப் பதினோரு சோப்பு மாற்றியிருப்பேன். சந்தனம், வேம்பு, கிளிசரின், குழந்தை சோப்பு, ஆட்டுப்பால் சோப்பு எதையும் விடவில்லை. ஒருநாள் மோதிரத்தைக் கழற்றி உட்புறத்தை நகத்தால் சுரண்டினேன். வெள்ளையாகப் பிசுக்கு வந்தது. காய்ந்த சோப்பு. பாத்திரம் தேய்க்கிற ஒவ்வொரு வேளையும் அங்கே போய் உட்கார்ந்து, நாள் முழுக்க ஈரத்தோடு தோலை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

“எந்த சோப்பு நல்லது?” என்று கேட்பதை அன்றைக்கு நிறுத்தினேன். “எதையெல்லாம் நிறுத்தலாம்?” என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் தோல் ஆறியது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. நான் மருத்துவர் இல்லை. பத்து வருடமாக இந்தத் தோலோடு குடும்பம் நடத்துகிறேன், அவ்வளவுதான்.

1. எரிச்சலா, ஒவ்வாமையா?

தோலில் ஒரு பொருள் பட்டு வரும் கரப்பானில் (எக்ஸிமா என்கிற தோல் அழற்சி) இரண்டு வகை உண்டு. முதலாவது எரிச்சல் வகை. சோப்பு, சோப்புத்தூள், ஓயாத ஈரம் எல்லாம் சேர்ந்து தோலின் மேலடுக்கில் உள்ள கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிவிடும். ஓடு விலகிய கூரை மாதிரி ஆகிவிடும் தோல். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கிறது உள்ளே இறங்கும். இது யாருக்கும் வரலாம், அளவைப் பொறுத்தது. இப்படிக் கரப்பான் வரும் 10 பேரில் சுமார் 8 பேருக்கு இந்த வகைதான்.

இரண்டாவது ஒவ்வாமை வகை. உடம்பு ஒரு குறிப்பிட்ட ரசாயனத்தை எதிரி என்று முகம் பார்த்து வைத்துக்கொள்கிறது. “இத்தனை வருஷமா இதே சோப்புதான் போடுறேன், இப்ப மட்டும் எப்படி?” என்று கேட்காதவர் இல்லை. பல வருடம் பழகிய பொருளுக்கே ஒருநாள் ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும், துளி பட்டாலே போதும். இதில் இன்னொரு சங்கடம், அது உடனே தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் பூசிய அத்தர் செவ்வாய்க்கிழமை கழுத்தில் தடிக்கும். நாமோ செவ்வாய்க்கிழமை தின்ற கத்தரிக்காயைத் திட்டிக்கொண்டிருப்போம்.

எரிச்சல் வகையில் காந்தலும் வறட்சியும் முன்னே நிற்கும், பொருள் பட்ட இடத்தோடு நிற்கும். ஒவ்வாமை வகையில் அரிப்புதான் முன்னே, சிறு நீர்க்கொப்புளம் வரலாம், பட்ட இடத்தைத் தாண்டியும் பரவும். நடைமுறையில் இரண்டும் கலந்தே இருக்கும். சோப்பால் விரிசல் விட்ட தோலில்தான் வாசனை ரசாயனம் எளிதாக உள்ளே இறங்குகிறது.

இவை இரண்டிலும் சேராதது ஒன்று. பொருள் பட்ட சில நிமிடத்திலேயே உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

2. எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். பாதி துப்பு அங்கேயே கிடைக்கும்.

விரல் இடுக்கும் மோதிரத்தின் அடியும் என்றால் பாத்திர சோப்பு, கை கழுவும் திரவம். முடி ஓரம், காதின் பின்புறம், பிடரி என்றால் ஷாம்பு அல்லது தலைச்சாயம். கழுத்தின் இருபுறமும் மணிக்கட்டும் என்றால் சென்ட். வாயைச் சுற்றி என்றால் பற்பசையின் புதினா, இலவங்க வாசனையையும் சந்தேகியுங்கள். இமை ஒரு தனி ரகம். அங்கே தோல் மிக மெல்லியது என்பதால் இமையில் போடாத பொருள்கூட அங்கே தெரியும். ஷாம்பு வழிந்திருக்கலாம், நகப்பூச்சு போட்ட விரல் தொட்டிருக்கலாம், ஊதுபத்திப் புகை பட்டிருக்கலாம்.

அக்குளில் வந்தால் ஒரு நுட்பம் உண்டு. அக்குளின் நடுக்குழியில் இருந்தால் டியோடரன்ட் மீது சந்தேகம். நடுவை விட்டுவிட்டு ஓரங்களில், ஜாக்கெட்டோ சட்டையோ உரசுகிற இடத்தில் இருந்தால் துணிச்சாயம் அல்லது துணியில் தங்கிய பொருள். தோல் மருத்துவர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நிறத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். படங்களில் காட்டுவதுபோல ‘சிவந்த தடிப்பு’ நம்மில் பலருக்குத் தெரியாது. மாநிறத்திலும் கருநிறத்திலும் அது சாம்பல் பூத்ததுபோல, பழுப்பாக, ஊதா கலந்த கருமையாகத்தான் தெரியும். சில நேரம் அரிப்பே இல்லாமல் கருமை மட்டும் படரும். நெற்றியிலும் கன்னத்திலும் அப்படிப் படரும் கருமையை ‘மங்கு’ என்று விட்டுவிடுகிறோம். குங்குமத்தில் கலக்கும் சாயம், சென்ட், தலைச்சாயம் இவற்றுக்கு வந்த ஒவ்வாமை அப்படியும் முகம் காட்டும். மங்கு என்று நினைத்து அதன்மேல் வாசனையுள்ள ‘சிவப்பழகு’ கிரீமைப் பூசினால் நிலைமை முற்றும். ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடத்தில் வெளுத்தால் அது பசையில் உள்ள ஒரு பிசினின் வேலையாக இருக்கலாம். பொட்டை அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வெளுப்பு நிலைத்துவிடலாம், தாமதிக்கக் கூடாது.

நீங்கள் போடாத பொருளும் குற்றவாளியாகலாம். கணவரின் ஷேவிங் லோஷன் மனைவியின் கன்னத்திலும், பாட்டியின் தைலம் பேரனின் கையிலும் கரப்பானாக வந்த கதைகள் தோல் மருத்துவத்தில் நிறைய.

3. நான்கு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்

பலரும் ஒரு பொருளை நிறுத்தி, நான்கு நாள் பார்த்துவிட்டு, “இது இல்லை” என்று திரும்பப் போட ஆரம்பிப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். தோல் ஆறவே வாரக்கணக்கில் ஆகும். மேலே பார்க்க நன்றாக ஆனபிறகும் உள்ளே கூரை முழுசாக வேயப்பட்டிருக்காது. அதனால் ஒவ்வொன்றாக நிறுத்தாதீர்கள். வாசனையுள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துங்கள், நான்கு வாரத்துக்கு.

நிறுத்த வேண்டியவற்றை அலமாரியில் தேடுங்கள்: சென்ட், டியோடரன்ட், டால்கம் பவுடர், முகப்பூச்சு, வாசனைத் தலையெண்ணெய், ஷேவிங் லோஷன், உதட்டுச்சாயம், ஈரத்துடைப்பான், கை கழுவும் வண்ணத் திரவம், துணியை மிருதுவாக்கும் திரவம். இவற்றில் கழுவிவிடாமல் தோலிலேயே தங்குகிறவைதான் அதிக ஆபத்து. சோப்பு ஒரு நிமிடம் தோலில் இருக்கும், லோஷன் பத்து மணி நேரம் இருக்கும். பழி மட்டும் சோப்புக்குப் போகிறது.

அலமாரிக்கு வெளியேயும் பாருங்கள். ஊதுபத்தி, சாம்பிராணி, அறைக்குத் தெளிக்கும் வாசனை, காரில் தொங்கும் பாட்டில். காற்றில் வருவது முகம், இமை, கழுத்து என்று திறந்த இடத்தில் படியும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்தச் சொன்னால் வீட்டில் புயல் வீசும், தெரியும். நான் விளக்கு மட்டும் ஏற்றுகிறேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை, மாமியார்தான் இரண்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிறுத்திய பொருட்களை எறிந்துவிடாதீர்கள். ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, தேதி எழுதிப் பரணில் வையுங்கள். பின்னால் சோதிக்கவும் மருத்துவரிடம் காட்டவும் வேண்டும்.

4. குளியல்

நம் தோல் லேசான அமிலத்தன்மை உடையது, பி.எச். என்ற அமில-கார அளவுகோலில் 4.5-லிருந்து 5.5 வரை. வழக்கமான சோப்பு காரம், 9-லிருந்து 10 வரை. எவ்வளவு விலை கொடுத்தாலும், கையால் காய்ச்சியது என்றாலும், எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்த சோப்பு காரமாகத்தான் இருக்கும்.

சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. இந்தியத் தர நிர்ணயத்தில் முதல் தரக் குளியல் சோப்புக்குக் குறைந்தது 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. ‘பேதிங் பார்’ என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே போதும். எண் கூடினால் கலப்புப் பொருள் குறைவு என்பது சரி. ஆனால் 76-க்கு மேல் இருக்கும் சோப்பிலும் ஊரைக் கூட்டும் வாசனை இருக்கலாம். அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்கி ஏமாந்தவள் நான்.

நமக்கு வேண்டியது சோப்பு அல்லாத கட்டி. மெடிக்கல் கடையில் ‘சின்டெட் பார்’ அல்லது ‘சோப்-ஃப்ரீ’ என்று கேளுங்கள். பி.எச். 5.5-க்குப் பக்கமாகவும், வாசனை சேர்க்காததாகவும் இருக்க வேண்டும். விலை அதிகம்தான். அதனால்தான் அடுத்த விதி: உடம்பு முழுக்கப் போடாதீர்கள். அக்குள், தொடை இடுக்கு, பாதம், இந்த மூன்று இடம் போதும். கைகால், முதுகு, வயிறு எல்லாவற்றுக்கும் வெறும் தண்ணீரே போதும், சேற்றிலும் கிரீஸிலும் வேலை செய்யாதவரை. ஒரு கட்டி மூன்று மாதம் வருகிறது.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். பீர்க்கங்காய் நார், தேய்க்கும் கல் எல்லாம் ஆணியில் தொங்கட்டும். குளிக்கிற பக்கெட்டில் கிருமிநாசினி இரண்டு மூடி ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஆறாத தோலுக்கு அது எரிச்சல், சிலருக்கு ஒவ்வாமையும்கூட.

போர்வெல் தண்ணீர் இருக்கும் வீட்டில் இன்னொரு தலைவலி. கடினத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காகும். பக்கெட் ஓரத்தில் படிகிறதே, அதேதான் தோலிலும் படிகிறது. நுரை வரவில்லை என்று இன்னும் கொஞ்சம் சோப்புத் தேய்ப்போம், பிசுக்கு இன்னும் கூடும். சோப்பு அல்லாத கட்டியில் இந்தப் பிசுக்கு வராது. நான் கூடுதலாக ஒன்று செய்கிறேன்: கடைசி ஒரு சொம்பு, முகத்துக்கும் கைக்கும் மட்டும், குடிதண்ணீர். மழைக்காலத்தில் மொட்டைமாடிக் குழாயிலிருந்து பிடித்து வைத்த மழைத்தண்ணீர்.

5. ஈரம் காய்வதற்குள்

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். உடம்பு இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே, மூன்று நான்கு நிமிடத்துக்குள், பூச வேண்டியதைப் பூசிவிடுங்கள்.

எதைப் பூசுவது? மலிவானது, நம்பகமானது, வாசனையில்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. அதற்கு ஒவ்வாமை வருவது மிக அரிது, கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதப்படுத்தும் பொருளும் அதற்குத் தேவையில்லை. சென்னை வெயிலில் பிசுபிசுக்கும், உண்மைதான். பகலில் கைக்கு மட்டும் போட்டு, ராத்திரி மற்ற இடங்களுக்குப் போடலாம். தேங்காய் எண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்ளும், மூக்கருகே கொண்டுபோனால் தேங்காய் மட்டும் மணக்கிற எண்ணெயாக இருந்தால். மல்லிகை, பாதாம் என்று பெயர் போட்ட எண்ணெய் வேண்டாம். பொடுகோடு சேர்ந்த செதில் மூக்கோரத்திலும் புருவத்திலும் இருந்தால் அங்கே எண்ணெய் வைக்காதீர்கள், பொடுகோடு தொடர்புள்ள பூஞ்சைக்கு எண்ணெய் தீனி. ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைக் குலைக்கிறது என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது, விலையையும் யோசித்து விட்டுவிடுங்கள்.

6. பாத்திரமும் துணியும்

கையில் வரும் கரப்பானுக்குச் சமையலறைத் தொட்டிதான் பிறந்த வீடு. வீட்டில் பாத்திரம் யார் தேய்க்கிறார்களோ அவர்களுக்குத்தான் வருகிறது. இதை மருத்துவப் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல் வீட்டு வேலைப் பங்கீட்டுப் பிரச்சினையாகவும் பாருங்கள். என் மருத்துவர் மருந்துச் சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டு என் கணவரைப் பார்த்து, “ஆறு வாரத்துக்குப் பாத்திரம் நீங்க தேய்க்கணும்” என்றார். களிம்பைவிட அந்த வாக்கியம் நன்றாக வேலை செய்தது.

அது முடியாதவர்களுக்குக் கையுறை. ரப்பர் கையுறைக்கே சிலருக்கு ஒவ்வாமை உண்டு, ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனங்களால். வினைல் கையுறை பாதுகாப்பானது. உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று. வெறும் பிளாஸ்டிக் கையுறைக்குள் வியர்வை தேங்கினால் அதுவும் ஈரம்தான். அதனால் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றுங்கள், உள்ளுறையைத் தினமும் துவைத்துக் காயப்போடுங்கள். உள்ளே தண்ணீர் போய்விட்டால் உடனே கழற்ற வேண்டும், சோப்புத் தண்ணீரில் ஊறவைத்த மாதிரி ஆகிவிடும். வெங்காயம், பூண்டு, தக்காளி, எலுமிச்சை நறுக்கும்போதும் மெல்லிய கையுறை உதவும். மோதிரத்தை, நான் சொல்ல வேண்டியதில்லை, கழற்றிவிட்டுத்தான் தொட்டிப் பக்கம் போக வேண்டும்.

தொட்டி ஓரத்தில் சோப்பு டப்பா தண்ணீரில் மிதந்து கூழாகிக் கிடக்குமே, அந்தக் கூழை விரலால் வழித்து எடுப்பது மிக மோசம். நீண்ட காம்புள்ள பிரஷ் ஒன்று வாங்குங்கள். பகலில் பத்து தடவை கை கழுவ வேண்டிய வேலை என்றால், அழுக்குத் தெரியாத நேரத்தில் வாசனையற்ற சானிடைசர் போடுவது சோப்பைவிட மென்மையானது. வெடிப்பு இருந்தால் எரியும். எரிந்தால் தோல் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம்.

துணி சோப்புக்கு நாம் கொடுக்கிற கெட்ட பெயர் அளவுக்கு அது குற்றவாளி இல்லை. நன்றாக அலசிய துணியில் தங்குவது கொஞ்சம்தான். கையால் துவைக்கும்போது கைக்கு வருவது வேறு கதை. மெஷினில் தூளைப் பாதியாகக் குறைத்து, அலசுவதை இரண்டு முறை வையுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவத்தை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். துணியில் தங்குவதற்கென்றே செய்த வாசனை அது. புதுத்துணியைத் துவைக்காமல் உடுத்தாதீர்கள், தீபாவளி அன்றைக்கும். மஞ்சள் தடவுவதற்கு முன்பே முந்தின வாரம் அலசிவிடலாம்.

7. ‘இயற்கை’ என்ற சொல்

இந்த இடத்தில்தான் நான் அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். “ரசாயனம் வேண்டாம், நலங்கு மாவு போடு” என்று யாராவது சொல்லாத வாரம் இல்லை.

பச்சைப்பயறு மாவு மட்டும் என்றால் சரி, பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. கடையில் கிடைக்கும் நலங்கு மாவில் இருபது சரக்கு இருக்கும்: கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, வெட்டிவேர், ரோஜா இதழ். வாசனைக்காகச் சேர்க்கும் ஒவ்வொன்றும் ஒரு வாசனைப் பொருள்தான், செடியில் விளைந்தது என்பதால் தோல் அதற்குச் சலுகை காட்டாது. மஞ்சளுக்கும் சந்தன எண்ணெய்க்கும் ஒவ்வாமை வந்தவர்கள் உண்டு. சாம்பிராணிப் பிசினும் வாசனை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம். சிலர் நலங்கு மாவில் கார்போக அரிசியும் சேர்க்கிறார்கள். அதில் சோராலன் என்ற பொருள் இருக்கிறது. வெண்குஷ்டத்துக்கு வெயில் சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்துகிற அதே வகைப் பொருள். அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் வெந்ததுபோலக் கொப்பளிக்கும், பிறகு மாதக்கணக்கில் கருமை. எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் போனாலும் இதே கதி.

லாவண்டர், எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களில் லினலூல், லிமோனீன் என்று இரண்டு வாசனைப் பொருட்கள். புதிதாக இருக்கும்போது அவ்வளவு தொல்லை இல்லை. மூடியைத் திறந்து திறந்து காற்றுப் பட்டுப் பழசாகும்போது ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஒவ்வாமை தருபவையாக மாறுகின்றன. பாதி தீர்ந்து இரண்டு வருடமாக அலமாரியில் இருக்கும் பாட்டில் புதுப் பாட்டிலைவிட மோசமானது.

சீயக்காய் தனியாக அரைத்தது எனக்கு ஒத்துக்கொள்கிறது. என் தங்கைக்குத் தலையெல்லாம் எரிகிறது. ஒரே அம்மா, ஒரே அரவை மில்.

8. லேபிள் படிப்பது

பொடி எழுத்து, வளைந்த பாட்டில். ஃபோனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

‘ஃப்ராக்ரன்ஸ்’, ‘பர்ஃப்யூம்’, ‘பர்ஃபம்’, ‘அரோமா’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பத்திருபது ரசாயனம் ஒளிந்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் 26 வாசனைப் பொருட்களை, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால், தனித்தனியாகப் பெயர் சொல்ல வேண்டும் என்று விதி. 2023-ல் அந்தப் பட்டியலை 80-க்கும் மேலாக நீட்டினார்கள். அதனால் அங்கிருந்து வரும் லேபிளில் லினலூல், லிமோனீன், யூஜினால், ஜெரானியால், சின்னமால், சிட்ரால் என்று காணலாம். எல்லாம் வாசனைதான்.

‘அன்சென்டட்’ என்றால் மணம் தெரியாது என்றுதான் பொருள். மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க வேறொரு வாசனையைச் சேர்த்திருக்கலாம். ‘ஃப்ராக்ரன்ஸ்-ஃப்ரீ’ என்பதே நமக்கு வேண்டியது, அதையும் பின்பக்கப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘ஹைபோஅலர்ஜெனிக்’, ‘மருத்துவர்கள் பரிந்துரைப்பது’ என்பவை விளம்பர வாசகங்கள். குழந்தைப் படம் போட்ட சோப்பில் வாசனை இருக்காது என்று நம்பியதற்கு நான் கொடுத்த விலை, என் மகளின் முழங்கை மடிப்பு.

வாசனையைத் தவிர இன்னொரு பெயரையும் மனப்பாடம் செய்யுங்கள்: மெத்தில்ஐசோதயசோலினோன். திரவ சோப்பு, ஷாம்பு, ஈரத்துடைப்பான் கெடாமல் இருக்கச் சேர்ப்பது. அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமைத் தோல் மருத்துவச் சங்கம் 2013-ல் இதைத்தான் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. தோலிலேயே தங்கும் பொருட்களில் இதைச் சேர்க்க ஐரோப்பாவில் இப்போது தடை. தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் பெயின்ட்டிலும் இது இருக்கும். பொங்கலுக்கு வீட்டுக்கு வண்ணம் அடித்த வாரம் முகம் வீங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்கவும்.

9. ஒவ்வொன்றாகத் திரும்ப

நான்கு வாரத்தில் தோல் ஆறிவிட்டது என்றால், பரணில் இருக்கும் பெட்டியை இறக்கலாம். லோஷன், கிரீம், எண்ணெய் போன்று தோலில் தங்குபவற்றை இப்படிச் சோதியுங்கள். முழங்கையின் உட்பக்க மடிப்புக்குக் கொஞ்சம் கீழே, பத்து ரூபாய் நாணயம் அளவு இடத்தில், தினம் இரண்டு வேளை, பத்து நாள்வரை. அரிப்போ தடிப்போ வந்த உடனே நிறுத்திவிடுங்கள். வராவிட்டால் பெரும்பாலும் போடலாம். ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும்.

சோப்பு, ஷாம்பு, சோப்புத்தூளை இந்த முறையில் பூசி வைக்கக் கூடாது. கழுவாமல் விட்டால் யாருக்கும் எரியும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அவற்றை வழக்கம்போலப் போட்டுக் கழுவி இரண்டு வாரம் பாருங்கள். ஒரு நோட்டில் தேதியும் பொருளும் மட்டும் எழுதினால் போதும். மூன்று நாள் பின்னோக்கிப் பார்க்க அது இல்லாமல் முடியாது. தலைச்சாயத்தை வீட்டில் சோதிப்பதானால் பொட்டலத்தில் சொன்ன முறைப்படி மட்டும். ஏற்கெனவே ஒருமுறை வீக்கம் வந்தவர்கள் சோதிக்கவே வேண்டாம்.

10. பேட்ச் டெஸ்ட்

நான்கு வாரம் எல்லாம் நிறுத்தியும் ஆறவில்லை, அல்லது ஆறி ஆறித் திரும்ப வருகிறது என்றால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் விசாரித்துப் பார்க்கலாம். இந்தியாவுக்கென்றே ஒரு வரிசை ஒவ்வாமைப் பொருட்கள் உண்டு, வாசனைக் கலவை, தலைச்சாயத்தில் உள்ள பி.பி.டி. என்ற ரசாயனம், நிக்கல், பார்த்தீனியம் எல்லாம் அதில் அடக்கம்.

முதுகில் சிறு சிறு அலுமினியக் கிண்ணங்களை டேப்பால் ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், நான்காம் நாள் வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். அந்த மறுபார்வைக்குப் போகாமல் விட்டுவிடாதீர்கள், பல ஒவ்வாமைகள் அப்போதுதான் தெரியும். இடையில் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. சித்திரை வெயிலில் டேப் ஒரு மணி நேரம் நிற்காது. மார்கழி, தை மாதமாகப் பார்த்து நாள் வாங்குங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், முடிவை மறைத்துவிடும்.

ஆய்வகங்கள் ‘அலர்ஜி பேக்கேஜ்’ என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு ரத்தம் எடுக்கிறார்களே, அது வேறு. அது பார்ப்பது உடனே வரும் ஒவ்வாமையை. நாள் கழித்து வரும் சோப்பு, வாசனைக் கரப்பானுக்கு அது விடை சொல்லாது. எனக்கு அதில் நிலக்கடலை என்று வந்தது. நிலக்கடலையை நான் இன்றைக்கும் தின்கிறேன்.

பேட்ச் டெஸ்டில் எனக்கு வந்தது வாசனைக் கலவையும், மேலே சொன்ன மெத்தில்ஐசோதயசோலினோனும். அந்தச் சீட்டின் படம் என் ஃபோனில் எப்போதும் இருக்கிறது.

11. மெடிக்கல் கடை டியூப்

“அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க” என்றால் கையில் வருவது பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்தது. இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், அதுதான் ஆபத்து. முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, நிறுத்தினால் எரிந்து, விடமுடியாத பழக்கமாகிவிடும். அது படர்தாமரையாக இருந்தாலோ, அடங்கினதுபோல அடங்கி இன்னும் பரவும். ஸ்டீராய்டு களிம்பே கூடாது என்று சொல்லவில்லை. மருத்துவர் சொன்ன வீரியத்தில், சொன்ன இடத்தில், சொன்ன நாள் மட்டும் போட்டால் அது நல்ல மருந்து. அளவு தெரியாதவர்களுக்கு ஒரு கணக்கு: ஆள்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம், அது பெரியவர் கையின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும்.

வெடிப்புக்கு வீட்டிலிருக்கும் மஞ்சள் நிறக் களிம்பைப் போடாதீர்கள். அதிலுள்ள நைட்ரோஃபுராசோனும், வேறு சில களிம்புகளில் உள்ள நியோமைசினும் பேர்போன ஒவ்வாமைப் பொருட்கள். தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

12. வெளியே போகும்போது

பையில் ஒரு சின்ன டப்பா: பாதியாக வெட்டிய சோப்பற்ற கட்டி, பெட்ரோலியம் ஜெல்லி, ஒரு பருத்திக் கைக்குட்டை. விடுதி, ரயில், ஆபீஸ் எல்லாவற்றுக்கும் அது போதும். அழகு நிலையத்திலும் சலூனிலும் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள், “எந்த லோஷனும் வேண்டாம், தண்ணி மட்டும்.” முடித்தவுடன் கேட்காமலே முகத்தில் அடிக்க வருவார்கள், கையை நீட்டித் தடுக்கத் தயாராக இருங்கள்.

கல்யாண வீடுதான் கடினம். வாசலில் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமம், கல்கண்டு. மறுத்தால் மரியாதைக் குறைவு. நான் “தோல் ஒத்துக்காது அத்தை, கல்கண்டு மட்டும் எடுத்துக்கிறேன்” என்று சிரித்துக்கொண்டே இரண்டு எடுத்துக்கொள்வேன். சந்தனத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் கழுத்தில் வைக்காமல் புறங்கையில் வாங்கி, மறைவாக வந்து துடைத்துவிடலாம். பன்னீர் மட்டும் நம்மைக் கேட்காது. முகத்தில் பட்டுவிட்டால் பதறாமல் நேரே கை கழுவும் இடத்துக்குப் போய் வெறும் தண்ணீரில் முகத்தை அலசுங்கள். அங்கே குழாய்ப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சோப்புத் திரவம் இருக்கும். அதைத் தொடாதீர்கள்.